ஆகஸ்டுக்கு முன்னே கிழங்கு: லண்டன் அலாட்மென்ட்டில் உருளையும் அதன் பின்னால் வரும் மரக்கறிகளும்

மரக்கறி விளைவிக்கக் கவுன்சில் குத்தகைக்குத் தரும் நிலத் துண்டுதான் அலாட்மென்ட். அது கையில் கிடைத்த முதல் வருடத்தில் நம்மவர்களில் அநேகர் நடுவது உருளைக்கிழங்குதான். நல்ல தேர்வு. குளிர் நாட்டுக்கு ஏற்ற பயிர். விதைக்கிழங்குக்குள்ளேயே சாப்பாடு இருப்பதால் முளை தவறுவது அபூர்வம். கிண்டும் நாளில் பிள்ளைகளும் கூட வந்து நிற்பார்கள். பிழை நடப்பது ரகத்தைத் தெரிவதில். மாரிஸ் பைப்பர் என்பது கடையில் பழகிய பெயர் என்பதால் அதையே வாங்கி, ஏப்ரல் கடைசியில் பாத்தி முழுக்க நட்டு, செப்டம்பரில் கிண்டலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இடையில் ஆகஸ்ட் வருகிறது. இரண்டு நாள் புழுக்கமும் தூறலும் சேர்ந்தால் போதும், பச்சையாக நின்ற தழை பத்து நாளில் கறுத்துச் சரிந்துவிடும்.

அரைத் துண்டு நிலம் வைத்திருப்பவர், உருளைக்கு ஒதுக்கும் இடத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கை, சீக்கிரம் விளையும் முன்பருவ ரகங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை கடைசிக்குள் கிழங்கு வீட்டுக்கு வந்துவிடும். தழையைக் கறுக்கவைக்கும் அந்தக் கருகல் நோய் வரும் காலத்தில் அங்கே கருகுவதற்குத் தழையே இருக்காது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. நமக்கு வேண்டிய வெள்ளை முள்ளங்கியும் கொத்தமல்லியும் இந்த நாட்டில் வசந்தத்தில் விதைத்தால் நீண்ட பகல் பட்டு, சாப்பிடும் பருவம் வருமுன்னே பூத்துவிடும். ஜூன் 21-க்குப் பிறகு, பகல் குறையத் தொடங்கிய பின் விதைத்தால்தான் ஒழுங்காக நிற்கும். உருளை காலி செய்யும் நிலமும் அவை கேட்கும் காலமும் அப்படியே பொருந்துகின்றன.

முழுத் துண்டு என்பது பழைய அளவில் 10 ராட், ஏறத்தாழ 250 சதுர மீட்டர். காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிட்டதால் பல கவுன்சில்கள் இப்போது புதியவர்களுக்கு அதில் பாதியைத்தான் தருகின்றன. 1922-ஆம் ஆண்டுச் சட்டம், இந்த நிலம் குத்தகைக்காரரின் குடும்பத் தேவைக்கான மரக்கறியும் பழமும் விளைவிக்கவே என்று வரையறுக்கிறது. விற்பதற்காக விளைவிக்க முடியாது. புல் மண்டவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும், பிறகு நிலம் கைவிட்டுப் போகும். அதனால்தான் 125 சதுர மீட்டரை எப்படிப் பிரிப்பது என்று பனிக்காலத்திலேயே தாளில் வரைந்துவிடுவது நல்லது.

பாதைகள், சிறு கொட்டில், மக்குக் குவியல், ருபார்ப் போல ஒரே இடத்தில் நிற்கும் செடிகள் போக, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் நான்கு பாத்திகள் தேறும். ஒரு பாத்தி உருளைக்கு. முன்பருவ ரகங்களுக்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 30 செ.மீ. இடைவெளி. ஆகவே ஆறு வரிசை 3.6 மீட்டரில் அடங்கிவிடும், வரிசைக்குப் பதினாறு கிழங்கு. மீதியில் 75 செ.மீ. இடைவெளியில் பின்பருவ ரகம் இரண்டு வரிசை, 40 செ.மீ.க்கு ஒன்றாகப் பன்னிரண்டு பன்னிரண்டு. ஒரு கிலோவில் பன்னிரண்டு முதல் பதினைந்து விதைக்கிழங்கு இருக்கும். எனவே முன்பருவம் 7 கிலோ, பின்பருவம் 2 கிலோ வாங்கினால் சரி. ஈரம் ஒழுங்காகக் கிடைத்தால் முன்பருவச் செடி ஒன்று அரை முதல் முக்கால் கிலோ தரும், பின்பருவச் செடி ஒன்றரைக் கிலோ வரை தரும்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஹரோ, வெம்பிளிப் பக்கம் கனத்த களிமண். மழையில் காலோடு ஒட்டும், ஜூலையில் வெடிக்கும். தேம்ஸ் ஆற்றுப் படிவான சரளை நிலத்தில் பிரச்சினை நேர்மாறானது, தண்ணீர் நிற்காது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மக்கிய தொழுவுரம் அல்லது மக்குப் பசளை, அக்டோபர், நவம்பரில் சதுர மீட்டருக்கு ஒரு வாளி. களிமண்ணை ஈரமாக இருக்கும்போது மிதிக்கவோ கிண்டவோ கூடாது. நசுங்கிய களிமண் அந்த வருடம் முழுக்கத் திரும்பாது. கிண்ட விருப்பம் இல்லாதவர்கள் மக்குப் பசளையை 10 முதல் 15 செ.மீ. கனத்துக்கு மேலே பரப்பி, அதிலேயே துளையிட்டு நடலாம். களிமண் நிலத்துக்கு அந்த முறையைத்தான் நான் முன்வைப்பேன், பசளைக்கு ஆகும் செலவு கூடினாலும்.

குதிரைத் தொழுவங்களிலிருந்து இலவசமாக வரும் சாணத்தில் ஒரு பேராபத்து உண்டு. மேய்ச்சல் நிலத்தில் முட்செடிகளையும் டாக் களையையும் ஒழிக்க அமினோபைரலிட் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பார்கள். புல்லுக்கு ஒன்றும் ஆகாது, குதிரைக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அது வைக்கோலில் தங்கி, குதிரையின் வயிற்றைக் கடந்து, சாணத்தோடு அப்படியே வெளியே வரும். மக்கிய குவியலுக்குள் நெடுநாள் சிதையாமல் கிடக்கும். 2008-இல் பிரிட்டன் எங்கும் அலாட்மென்ட்களில் உருளை, தக்காளி, அவரை எல்லாம் பன்னத்தழை போலச் சுருண்டு நின்றதற்குக் காரணம் இதுதான். எனவே சாணம் வந்ததும் நிலத்தில் போட வேண்டாம். பாதி சாணம், பாதி கடைப் பசளை கலந்து மூன்று நான்கு தொட்டிகளில் பிராட் பீன் விதையுங்கள். சாணம் கலக்காத பசளையிலும் அதே எண்ணிக்கை விதையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் சாணத் தொட்டிச் செடிகளின் குருத்து கிண்ணம்போலக் குவிந்தோ ஒடுங்கியோ வந்தால் அந்தச் சாணம் வேண்டாம். இந்தச் சோதனைக்கு ஆகும் ஒரு மாதத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் இரண்டு வருட விளைச்சலை இழக்கக்கூடும்.

சுண்ணாம்பு உருளைப் பாத்திக்கு ஆகாது. காரம் ஏறிய மண்ணில் கிழங்குத் தோல் சொறி பிடிக்கும். சுண்ணாம்பு கோவா (முட்டைக்கோஸ்) வகைப் பாத்திக்கு உரியது. சாணத்தோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும் என்பதால் அங்கேயும் இரண்டுக்கும் நடுவே சில மாத இடைவெளி வேண்டும்.

உருளை போட்டால் நிலம் சுத்தமாகும் என்று ஒவ்வொரு அலாட்மென்ட்டிலும் யாராவது ஒரு பெரியவர் சொல்வார். சுத்தமாவது கிழங்கினால் அல்ல. நடும்போது ஒருமுறை, மண் அணைக்கும்போது இரண்டு மூன்று முறை, கிண்டும்போது ஒருமுறை என்று மண்ணைப் புரட்டுவதால். அந்த ஒவ்வொரு முறையும் கௌச் புல்லின் வெள்ளை வேரையும் பைண்ட்வீட் கொடியின் வேரையும் கையால் பொறுக்கி எடுத்தால்தான் பலன். மெஷினால் உழுதால் வேர் துண்டு துண்டாகி, ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். புல் மண்டிக் கிடந்த நிலத்தில் இன்னொரு தொல்லை கம்பிப்புழு. மஞ்சளாக, விறைப்பாக, கிழங்கை நூல் அளவு துளைத்துக்கொண்டு போகும். புல் உடைத்த முதல் இரண்டு மூன்று வருடம் அது இருக்கும். கிழங்கு மண்ணில் கிடக்கும் காலம் கூடக் கூடச் சேதமும் கூடும். முன்பருவ ரகத்துக்கு இது இன்னொரு நியாயம்.

கடைக் கறிக்கிழங்கை நடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முளைக்கலாம், ஆனால் வேண்டாம். முளைவிடாமல் இருக்க மருந்து பட்டிருக்கலாம். அதைவிட, வைரஸ் இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. இலைச்சுருள் வைரஸும் ஒய் வைரஸும் அசுகுணியால் பரவி, கிழங்குக்குள் தங்கி, அடுத்த தலைமுறையில் விளைச்சலைக் கெடுக்கும். ஸ்கொட்லாந்தின் குளிரும் காற்றும் அசுகுணிக்கு ஒத்துவராததால் விதைக்கிழங்கு பெருமளவில் அங்கே விளைகிறது, பரிசோதித்துச் சான்றிதழும் தருகிறார்கள். அதற்குத்தான் கூடுதல் விலை.

முதல் முன்பருவத்தில் ஸ்விஃப்ட், ராக்கெட் இரண்டும் மிக விரைவானவை. சுவை என்று பார்த்தால் நான் 1930-இல் வந்த பழைய அரான் பைலட்டைத் தெரிவேன். இரண்டாம் முன்பருவத்தில் ஷார்லட்டும் கெஸ்ட்ரலும். நம் சமையலுக்கு ஷார்லட்டைப் போல ஒன்று இல்லை: மெழுகுத்தன்மை உள்ள கிழங்கு, பால் கறியிலும் பிரட்டலிலும் உடையாமல் துண்டாகவே நிற்கும். மசாலாத் தோசைக்கு மசிய வேண்டுமானால் மாவுத்தன்மை வேண்டும். அதற்கு மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட். சிவப்புத் தோல் டெசிரே இரண்டுக்கும் நடுவில் நிற்கும், வறட்சியையும் ஓரளவு தாங்கும்.

விதைக்கிழங்கு ஜனவரியில் கடைக்கு வரும். வந்ததும் முட்டைத் தட்டில், கண்கள் கூடியிருக்கும் முனை மேலே பார்க்க அடுக்குங்கள். உறைபனி படாத, 10 பாகை செல்சியஸ் அளவில் குளிர்ந்த, வெளிச்சமுள்ள இடம் வேண்டும். சூடாக்கப்படாத அறையின் ஜன்னல் ஓரம் போதும். அலுமாரிக்குள் இருட்டில் வைத்தால் வெள்ளையாக, நீளமாக முளைத்து, நடும்போது முறிந்துவிடும். ஐந்தாறு வாரத்தில் முளை 2 முதல் 3 செ.மீ., தடிப்பாக, கரும்பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் அது தயார். கிழங்கு பெரிதாக வேண்டுமானால் மூன்று நான்கு முளையை விட்டு மற்றதைத் தேய்த்துவிடலாம். முன்பருவ ரகங்களுக்கு இந்த முளைகட்டல் இரண்டு வாரம் வரை மிச்சப்படுத்தும். பின்பருவத்துக்கு அவ்வளவு அவசியம் இல்லை.

லண்டனில் முதல் முன்பருவம் மார்ச் கடைசியில், இரண்டாம் முன்பருவம் ஏப்ரல் முதல் பாதியில், பின்பருவம் ஏப்ரல் இரண்டாம் பாதியில். நாட்காட்டியைவிட மண்ணின் வெப்பம் முக்கியம்: 10 செ.மீ. ஆழத்தில் காலை 8 பாகை தொட வேண்டும். ஈரக் களிமண்ணில் அதற்கு முன் அவசரப்பட்டு நட்டால் கிழங்கு அழுகும். ஆழம் 12 முதல் 15 செ.மீ. சாலில் மக்குப் பசளை ஒரு கைப்பிடி, அதன் மேல் முளை மேலே பார்க்கக் கிழங்கு, பிறகு மண். மீன், இரத்தம், எலும்பு கலந்த பசளையை இங்கே சதுர மீட்டருக்கு 70 முதல் 100 கிராம் போடுவார்கள். சைவ வீட்டார் அதைத் தொட விரும்பாவிட்டால் காம்ஃப்ரி என்ற செடியிலிருந்து செய்த உரு‌ண்டைகள் கிடைக்கும். சாம்பல்சத்து அதில் தாராளம். தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டால் இலை மண்டும், கிழங்கு குறையும்.

தண்டு 20 செ.மீ. உயர்ந்ததும் மண் அணையுங்கள். இரு பக்க மண்ணையும் மண்வெட்டியால் இழுத்து, நுனி இலைகள் 10 செ.மீ. அளவு வெளியே தெரியும்படி மூட வேண்டும். இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை, தேவையானால் மூன்றாம் முறை. கடைசியில் இப்படி அணைத்த மண் பார் 25 செ.மீ. உயரம் நிற்கும். இதில் மூன்று காரியம் நடக்கிறது. கிழங்கில் வெளிச்சம் படாது. பட்டால் பச்சையாகி, சொலனின் என்ற நஞ்சு ஏறி, சாப்பிட முடியாததாகும். கருகல் வித்துகள் மழையோடு இறங்கிக் கிழங்கைத் தொடுவது கடினமாகும். ஏப்ரல், மே இரவுகளில் உறைபனி வந்தால் மூடிய பகுதி தப்பும். லண்டனில் சில வருடம் மே நடுவரை உறைபனி விழும். முன்னறிவிப்பில் 2 பாகைக்குக் கீழே கண்டால் மாலையே ஃபிளீஸ் துணியை இரட்டையாகப் போர்த்துங்கள். தவறிப்போய் இலை கறுத்துவிட்டாலும் பிடுங்க வேண்டாம். கீழிருந்து மறுபடி துளிர்க்கும், அறுவடைதான் இரண்டு வாரம் பிந்தும்.

தண்ணீர் தினமும் தெளிப்பது வீண். பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை, சதுர மீட்டருக்கு 15 முதல் 20 லீட்டர், மண் ஆழத்துக்கு இறங்கும்படி ஊற்ற வேண்டும். கிழங்கு பிடிக்கத் தொடங்கும் நான்கு வாரம்தான் உயிர்நாடி. அப்போது மண் காய்ந்தால் சொறி வரும். நெடுநாள் காயவிட்டு ஒரேயடியாக நனைத்தால் கிழங்கு வெடிக்கும் அல்லது நடுவில் குழி விழும். தொட்டித் தண்ணீரை வாளியில் சுமக்க வேண்டிய இடங்களில், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளிப்பதைவிட உருளைக்கு அந்த நான்கு வாரம் முழுதாகக் கொடுப்பது மேல்.

முதல் முன்பருவம் நட்ட பத்தாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரத்துக்குள் தயார். பூ விரிவது ஒரு அடையாளம். ஆனால் பூக்காமலே விளையும் ரகங்களும் உண்டு. பாரின் பக்கத்தைக் கையால் கிளறிப் பாருங்கள், கோழிமுட்டை அளவு இருந்தால் கிண்டலாம். ஃபோர்க்கைத் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் குத்த வேண்டும், இல்லையென்றால் நல்ல கிழங்கையே குத்திவிடும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். இந்த இளங்கிழங்கின் தோல் விரலால் தேய்த்தாலே உரியும். வெட்டிய அன்றே அவித்து உப்பும் மிளகும் தூவிச் சாப்பிடும் சுவை கடைக் கிழங்கில் கிடைக்காது. ஜூலை கடைசிக்குள் ஷார்லட்டும் முடிந்துவிட வேண்டும்.

இனி கருகல். ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற இந்த நுண்ணுயிர்தான் 1845-இல் அயர்லாந்தின் உருளையை அழித்துப் பெரும்பஞ்சத்தைத் தொடக்கி வைத்தது. அது இன்னும் போகவில்லை, ஒவ்வொரு கோடையும் வருகிறது. எப்போது வரும் என்று கணிக்க 2017 முதல் ஹட்டன் அளவுகோல் என்ற விதி இருக்கிறது: தொடர்ந்து இரண்டு நாள், குறைந்தபட்ச வெப்பம் 10 பாகைக்குக் குறையாமல், ஒவ்வொரு நாளும் ஆறு மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் தொற்று பரவும். உங்கள் அஞ்சல் பகுதிக்கு இந்த எச்சரிக்கையை மின்னஞ்சலில் தரும் சேவைகள் உண்டு, பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலை நுனியிலோ ஓரத்திலோ நீர் ஊறியதுபோல மண்நிறப் புள்ளி, ஈரமான காலையில் இலையைத் திருப்பினால் புள்ளியின் விளிம்பில் வெண்பூஞ்சணம், தண்டில் பழுப்புத் திட்டு. இதைக் கண்டால் யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. வீட்டுத் தோட்டக்காரருக்கு இதற்கென்று விற்கப்படும் மருந்து இப்போது பிரிட்டனில் கிடையாது. செய்யக்கூடியது ஒன்றே: தழை முழுவதையும் தரையோடு வெட்டி அகற்றுவது. வெட்டியபின் கிழங்கை உடனே கிண்டாமல் இரண்டு மூன்று வாரம் மண்ணிலேயே விடுங்கள். மேற்பரப்பில் விழுந்த வித்துகள் அதற்குள் செத்துவிடும், தோலும் முற்றும். உடனே கிண்டினால் நல்ல கிழங்கில் வித்து ஒட்டி, சாக்குக்குள் போய் அழுகும். நோய்பட்ட கிழங்கின் தோலுக்கு அடியில் செம்பழுப்பாக இருக்கும், பிறகு கூழாகி நாறும். அதை மக்குக் குவியலில் போடக் கூடாது. தக்காளிக்கும் இதே நோய்தான் என்பதால் இரண்டையும் அருகருகே வைக்காதீர்கள்; வெளியில் தக்காளி போட விரும்பினால் கிரிம்சன் க்ரஷ் போன்ற, கருகலைத் தாங்கும் ரகம் எடுங்கள்.

அந்த இரண்டு பின்பருவ வரிசைக்கும் என் தெரிவு சார்ப்போ மீரா. ஹங்கேரியின் சார்வாரி குடும்பத்தார் உருவாக்கி, வேல்ஸில் பாங்கர் அருகே வளர்த்தெடுத்த ரகங்களில் ஒன்று. சுற்றிலும் எல்லாம் கறுத்து நிற்க, இது செப்டம்பரிலும் பச்சையாக நிற்கும். தழை காடுபோல் பரவும் என்பதால் இடைவெளியைக் குறைக்க வேண்டாம். மாவுக் கிழங்கு, நீண்ட நாள் முளைக்காமல் இருக்கும். சுவையில் மாரிஸ் பைப்பருக்கு ஒரு படி கீழேதான். ஆனால் டிசம்பரில் சாக்கில் இருக்கும் கிழங்கு, ஆகஸ்டில் அழுகிப்போன நல்ல கிழங்கைவிட எவ்வளவோ மேல்.

பின்பருவத்துக்கு நத்தைத் தொல்லையும் சேரும். களிமண்ணுக்குள் வாழும் ஓடில்லாத கறுப்பு நத்தை கிழங்கைக் குடைந்துவிடும். மேலே நத்தைமருந்து உருண்டை தூவுவதால் மண்ணுக்குள் இருக்கும் இதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மெட்டல்டிஹைட் உருண்டை 2022 வசந்தத்திலிருந்து தடை செய்யப்பட்டும் விட்டது. நத்தையைத் தாக்கும் நூற்புழுவைப் பொட்டலத்தில் விற்கிறார்கள். கிண்டுவதற்கு ஆறேழு வாரம் முன், ஈர மண்ணில், தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டும்.

கெட்ட நூற்புழுவும் இருக்கிறது. செடிகள் ஒரு திட்டாகக் குட்டையாகி மஞ்சளித்தால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் பொன்னிறமாகவோ வெள்ளையாகவோ மணிகள் ஒட்டியிருந்தால் அது முட்டைக்கூடு நூற்புழு. மணிக்குள் இருக்கும் முட்டைகள் இருபது வருடம்வரை உயிரோடிருக்கும். நம் நீலகிரிக்கும் இதே சாபம் உண்டு: இந்தியாவில் இந்தப் புழு முதன்முதலில் 1961-இல் ஊட்டியில்தான் கண்டறியப்பட்டது. ஊட்டி முத்தொரையில் இருக்கும் உருளை ஆராய்ச்சி நிலையம் அதோடும் கருகலோடும்தான் போராடி வருகிறது. மாரிஸ் பைப்பர் பொன்னிற வகையைத் தாங்கும், வெள்ளை வகையிடம் தோற்கும். நான்கு பாத்தியில் உருளை நான்கு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் சுற்றி வருவது புழுவை ஒழிக்காது, பெருகவிடாமல் வைத்திருக்கும். சுற்றின் வரிசை எளிது: உருளைக்குப் பின் அவரை, பட்டாணி, அதன்பின் சுண்ணாம்பு இட்டு கோவா, கேல், அதன்பின் வெங்காயம், கரட், பீட்ரூட், மறுபடி உருளை.

இனி, ஜூலையில் காலியாகும் நிலம். மண் ஏற்கனவே கிண்டிப் பொலபொலவென்று இருக்கும், பசளையும் மிச்சம் இருக்கும். தட்டையாக வாரி, நன்றாக நனைத்து, அன்றே விதைக்கலாம்.

ஜூன் கடைசியில் காலியாகும் முதல் வரிசைகளில் முளைக்கீரை. மண் 15 பாகைக்கு மேல் சூடாக இருந்தால்தான் அது முளைக்கும். ஏப்ரலில் விதைத்து ஏமாறுபவர்கள் அதிகம். மணலோடு கலந்து மெலிதாகத் தூவி, ஒரு செ.மீ.க்கும் குறைவாக மண் போட்டு, முளைக்கும்வரை ஃபிளீஸ் போர்த்துங்கள். பகல் குறையக் குறைய இதுவும் பூக்கப் பார்க்கும் என்பதால் ஆகஸ்ட் முழுக்க வெட்டிக்கொண்டே இருங்கள். வெந்தயம் இன்னும் எளிது. மளிகைக்கடை வெந்தயத்தையே ஓரிரவு ஊறவைத்து விதைக்கலாம், நான்கு ஐந்து வாரத்தில் கீரை. ஆகஸ்ட் முதல் வாரம்வரை பத்து நாளுக்கு ஒரு வரி போட்டால் செப்டம்பர் வரை கிடைக்கும்.

வெள்ளை முள்ளங்கியை ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை விதையுங்கள். 2 செ.மீ. ஆழம், பிறகு 15 செ.மீ.க்கு ஒன்றாகக் கலைத்து விடுங்கள். விதைத்த அன்றே மெல்லிய பூச்சிவலை மூட வேண்டும். இல்லாவிட்டால் தெள்ளு வண்டு இலையைச் சல்லடையாக்கும், கோவா வேர் ஈயின் புழு கிழங்கைக் குடையும். பின்னால் வலை போட்டால் ஈயையும் சேர்த்து மூடியதாகும். முள்ளங்கி கோவாக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் வேரை வீங்கவைக்கும் வேர்முண்டு நோய் உங்கள் நிலத்தில் இருந்தால் உருளைப் பாத்தியில் இதைப் போடாதீர்கள், வெந்தயமும் கொத்தமல்லியுமே போதும். கொத்தமல்லியை முழுதாக விதைக்காமல் இரண்டாக உடைத்து, ஜூலை கடைசியில் போட்டால் அக்டோபர் வரை இலை தரும்.

ஷார்லட் எடுத்த இடத்துக்கு வெங்காயக் குடும்பத்து லீக்ஸ். ஏப்ரலில் தனியாக விதைத்து, பென்சில் தடிப்பு வந்த நாற்றை எடுத்து, 15 செ.மீ. ஆழத் துளையில் இறக்கி, மண் போடாமல் தண்ணீர் மட்டும் நிரப்ப வேண்டும். தண்ணீர் கழுவிக் கொண்டுவரும் மண் வேரை மூடும், மீதிக் குழிக்குள் தண்டு வெள்ளையாகத் தடிக்கும். 2002-இல் பிரிட்டனில் முதலில் காணப்பட்ட லீக்ஸ் இலைத்துளை ஈ இப்போது லண்டன் முழுக்க உண்டு. செப்டம்பர் கடைசியிலிருந்து இதற்கும் வலை வேண்டும்.

சுரை, புடல், பாகல் பற்றி ஆசை எல்லோருக்கும் உண்டு. பொலித்தீன் கூடாரம் இல்லாமல் புடலும் பாகலும் வேண்டாம். சுரையை ஏப்ரல் கடைசியில் வீட்டு ஜன்னலில் முளைக்க வைத்து, ஜூன் நடுவில் தெற்கு நோக்கிய மறைவான இடத்தில் நட்டால் நல்ல கோடையில் காய்க்கும். பூ மாலையில் விரிந்து இரவில் அந்துப்பூச்சியை எதிர்பார்ப்பது. பகலில் அலையும் தேனீ அதற்கு உதவாது. பூ நிறைய வந்தும் பிஞ்சு மஞ்சளித்து விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பொழுது சாயும்போது ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தேய்த்துவிடுங்கள்.

பின்பருவக் கிழங்கை செப்டம்பர் கடைசியில், காய்ந்த நாளில் கிண்டி, இரண்டு மூன்று மணி நேரம் மேலே உலரவிட்டு, குத்துப்பட்டதையும் பச்சையானதையும் பிரித்து, தடித்த காகிதச் சாக்கிலோ சணல் சாக்கிலோ கட்டுங்கள். பொலித்தீன் பை வியர்த்து அழுகும். இருட்டும் 5 முதல் 10 பாகைக் குளிரும் வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக் குளிரில் மாச்சத்து சர்க்கரையாகி, பொரிக்கும்போது கறுக்கும். சமையலறைச் சூட்டில் முளைக்கும். மாதம் ஒருமுறை சாக்கை அவிழ்த்து மோந்து பாருங்கள். ஒரு அழுகல் கிழங்கு பக்கத்தில் இருப்பதையெல்லாம் கெடுக்கும்.

கிண்டிய இடத்தை இன்னொரு முறை ஃபோர்க்கால் புரட்டி, தப்பிய குண்டுமணிக் கிழங்கையும் பொறுக்குங்கள். அது அடுத்த வசந்தத்தில் தானாக முளைத்து, கருகலைக் குளிர்காலம் தாண்டிக் கொண்டுவரும் பாலம் ஆகும். அக்டோபர் கடைசியில் அந்த இரண்டு வரிசையில் பிராட் பீன், அக்வாடல்ஸ் ரகம், 5 செ.மீ. ஆழத்தில், 20 செ.மீ.க்கு ஒன்று. பல அலாட்மென்ட் சங்கங்கள் விதைக்கிழங்குக்கு இலையுதிர் காலத்திலேயே மொத்தமாக வாங்கப் பெயர் பதியும், கடையைவிட விலை குறைவு. ஷார்லட் முதலில் தீர்ந்துவிடும், அதற்கு முன் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.